வலக்கைக்கு வயதாகும்போது

ஒரு கிட்டார் கலைஞரின் வாசிப்பை வியந்து பேசத் தொடங்கினால், நம்மில் பலரும் இடக்கையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளின் மேல் விரல்கள் ஓடும் வேகமும், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டை, எட்டாத இடத்திலும் எட்டிப் பிடிக்கும் லாகவமும், தந்தியை வளைத்துச் சுருதியை ஏற்றும் நேர்த்தியும் கண்ணுக்கு நேராகத் தெரிபவை என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகள் விடாமல் வாசித்தவர்களின் இசைத்தட்டுகளைக் கால வரிசைப்படி கேட்டு வந்தால், அவர்கள் வாழ்நாளில் மிகுதியாக மாற்றிக்கொண்டது வலக்கையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலர் விரும்பி மாற்றினார்கள். சிலருக்கு உடல் வேறு வழி விடவில்லை. இரண்டு வகையினரிடமும் மாற்றத்துக்குப் பின் வந்த இசை முந்தையதன் குறைந்த வடிவமாக இல்லாமல் தனியான ஒன்றாக இருப்பதுதான் என்னை இந்தப் பொருளின் பக்கம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

ஒரு தந்தியை மீட்டும் கணத்தில் வலக்கை மூன்று முடிவுகளை எடுக்கிறது: எந்த இடத்தில் மீட்டுவது, எதைக் கொண்டு மீட்டுவது, எந்தக் கோணத்தில் மீட்டுவது. தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினால் ஓசை கூர்மையாகவும், கழுத்துப் பக்கம் நகர்ந்தால் உருண்டையாகவும் வருவதற்குக் காரணம் எளிமையானது. தந்தியின் அடிப்படை அதிர்வோடு கூடவே எழும் மேல் அதிர்வுகளில், மீட்டும் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டியவை அந்த மீட்டலில் எழுவதே இல்லை. தந்தியைச் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை அதிர்வுகள் ஏறத்தாழ முழுவதுமாக மறைந்துவிடுகின்றன. அதேபோல், மீட்டுவதற்காக விரல்களுக்கிடையே பிடிக்கும் சிறு தகடான பிக், கூரான பிளாஸ்டிக்காக இருந்தால், தந்தியின் மிகச் சிறிய பகுதியைத் தொட்டு விடுவதால் உச்ச அதிர்வுகள் நிறையக் கிளம்புகின்றன. அகலமான விரல் சதை தொடும்போது அவை மழுங்கிவிடுகின்றன. பல ஆண்டுகளாகப் பழகிய கலைஞரின் காது ஒன்றை விரும்பத் தொடங்கும்போது, கை அதைத் தேடி இடம் மாறுவதில் வியப்பில்லை.

விரும்பி மாறியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெஃப் பெக். 1944ல் இங்கிலாந்தில் பிறந்தவர். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் 1965ல் சேர்ந்த காலத்திலிருந்து, மற்ற ராக் கலைஞர்களைப் போலவே பிக் வைத்து வாசித்துப் பெரும் பெயர் ஈட்டியவர். 1975ல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’ அவரை வெறும் ராக் கிட்டார் கலைஞர் என்ற சிமிழிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்த நிலையில் இருந்த ஒருவர் தன் கைப்பழக்கத்தைத் தொடாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1980களின் போக்கில் அவர் பிக்கைப் படிப்படியாகக் கைவிட்டு, கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் மட்டுமே வாசிக்கும் முறைக்கு மாறிவிட்டார்.

பிக்கை விட்டதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதை அந்தக் கையை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். 2007ல் லண்டனில் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் அவர் வாசித்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு இருக்கிறது. கேமரா வலக்கையை நெருங்கும் இடங்களில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம். கட்டைவிரல் தந்தியை மீட்டுகிறது. ஆட்காட்டி விரல் தேவைப்படும்போது மெல்லிய தந்தியைக் கொக்கிபோல் இழுத்து விடுகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே, சுண்டுவிரல் எட்டும் தொலைவில் இருக்கிறது. சுண்டுவிரல் அதன் மேலேயே குடியிருக்கிறது. பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கி நிற்கிறது. ஆக, மீட்டுவது, ஒலியைக் கூட்டுவது, சுருதியை அசைப்பது என்ற மூன்று வேலைகளை ஒரே கை ஒரே சமயத்தில் செய்கிறது. இரண்டு விரல்கள் எந்நேரமும் ஒரு பிக்கைப் பற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கைக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைத்திருக்காது.

இதன் விளைவைக் கேட்க, ஸ்டீவி வொண்டர் இயற்றிய ‘காஸ் வீ ஹாவ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்’ என்ற மெட்டை எடுத்துக்கொள்ளலாம். ‘ப்ளோ பை ப்ளோ’வில், அவர் பிக் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இதைப் பதிவு செய்தார், ரானி ஸ்காட்ஸ் மேடையிலும் இதை வாசித்தார். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 32 ஆண்டுகள். முதல் பதிவு இன்றைக்கும் குறையே சொல்ல முடியாத அழகு. ஆனால் பிந்தைய வாசிப்பில் ஸ்வரங்களின் தொடக்கம் மாறியிருக்கிறது. சில ஸ்வரங்கள் தந்தி தட்டப்பட்ட ஓசையே இல்லாமல், மூச்சிலிருந்து எழுவதுபோல் எழுகின்றன. சுண்டுவிரல் ஒலியை மூடி வைத்திருக்கையில் கட்டைவிரல் மீட்டிவிடுகிறது, அதன் பிறகே ஒலி திறக்கப்படுகிறது. அடுத்த ஸ்வரமே விரலால் இழுத்து விடப்பட்டு ஃப்ரெட்டில் அறைந்து ஒலிக்கிறது. மென்மைக்கும் கடுமைக்கும் இடையே உள்ள தொலைவு பிக் பிடித்த கையில் இருந்ததைவிடப் பல மடங்கு விரிந்துவிட்டது. வயதான பின் வாசிப்பு ‘பக்குவப்பட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தப் பக்குவம் எந்த விரலில், எந்தத் திருகில் இருக்கிறது என்று இங்கே சுட்டிக்காட்டிவிட முடிகிறது.

நம் காதுகளுக்கு இன்னும் நெருக்கமான சான்று ‘நாடியா’. நிதின் சாஹ்னி இயற்றி, ஒரு பெண் குரல் இந்துஸ்தானி பாணியில் பாடிய பாடல் அது; பெக் அதை 2001ல் வெளிவந்த ‘யூ ஹேட் இட் கமிங்’ இசைத்தட்டில் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அந்தக் குரலின் அசைவுகளை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்பது, கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தனி அனுபவம். ஒரு முறை மீட்டிய பின், மறுபடி தந்தியைத் தொடாமல், இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு இடையே சுருதியை வழுக்கிக்கொண்டு போகும் அந்த வாசிப்பு, பிக் பிடித்து வேகமாக ஸ்வரங்களைக் கொட்டிய பழைய பெக்கிடம் கேட்டிராத ஒன்று. மீட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒவ்வொரு மீட்டுக்குப் பிறகும் நடப்பது பெருகியது.

பிக்கை விட்டவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஹ்யூபர்ட் சம்லின், பாடகர் ஹவ்லின் வுல்ஃபின் குழுவில் வாசித்த இளம் வயதில், பிக்கை எறிந்துவிட்டு விரலால் வாசித்துப் பழகிக்கொண்டு வரும்படி வுல்ஃப் தன்னை வீட்டுக்கு அனுப்பியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சம்லினுடைய அந்தத் துள்ளலான, எப்போது எங்கே பாயும் என்று சொல்ல முடியாத ஓசை அதற்குப் பிறகு உருவானதுதான். ஆனால் அது ஒரு இளைஞரின் மாற்றம். குழுத் தலைவரின் கட்டளையால் நேர்ந்தது. நாற்பது வயதுக்கு மேல், உலகமே புகழும் ஒரு கைப்பழக்கத்தை யாரும் கேட்காமலே கலைத்துப் போட்டதனால்தான் பெக் எனக்குத் தனியாகத் தெரிகிறார்.

உடல் கட்டாயப்படுத்தியவர்களின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு உதவும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடுத்தர வேகத்தில், ஒரு அடிக்கு நான்கு ஸ்வரம் வீதம் வாசித்தால், வலக்கை வினாடிக்கு 8 முறை அசைய வேண்டும். இடைவிடாமல் பத்து நிமிடம் இந்தப் பயிற்சியைச் செய்தால் 4,800 அசைவுகள். இடக்கை விரலைத் தந்தியில் அறைந்தோ (ஹேமர்-ஆன்), இழுத்து விட்டோ (புல்-ஆஃப்) சில ஸ்வரங்களை மீட்டாமலே எழுப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தவறாமல் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறி மீட்டும் ஆல்டர்னேட் பிக்கிங் முறையைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்களின் மணிக்கட்டு எந்தச் சலுகையையும் பெறுவதில்லை.

அந்த முறையின் உச்சத்தில் நின்றவர் ஸ்டீவ் மோர்ஸ். டிக்ஸி ட்ரெக்ஸ் குழுவின் வழியாக அறிமுகமாகி, 1994 முதல் 2022 வரை டீப் பர்பிள் ராக் குழுவில் வாசித்தவர். 1989ல் வந்த ‘ஹை டென்ஷன் வயர்ஸ்’ இசைத்தட்டில் ‘டுமெனி நோட்ஸ்’ என்ற உருப்படி இருக்கிறது. ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரம் வீதம் தந்திகளைத் தாண்டித் தாண்டிப் போகும் அமைப்பு; அதையும் மேல்-கீழ் ஒழுங்கு குலையாமல் மீட்டுகிறார். இப்படிப்பட்ட இடங்களில் மற்றவர்கள் பிக்கை ஒரே திசையில் சரித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அது எளிது, ஆனால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மோர்ஸ் அந்த எளிய வழியை ஏற்கவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சம எடையோடு நிற்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம்தான் அவருடைய ஓசை.

பல பத்தாண்டுகள் இப்படி உழைத்த வலது மணிக்கட்டில் அவருக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது. இதை அவர் மறைக்காமல் நேர்காணல்களில் பேசியிருக்கிறார். மணிக்கட்டில் பட்டை அணிந்து வாசித்தும் இருக்கிறார். மணிக்கட்டைச் சுழற்றி மீட்டிய இடத்தில், மணிக்கட்டைக் கூடுமானவரை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை அசைத்து மீட்டும் முறைக்கு அவர் தம்மை மாற்றிக்கொண்டார். சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான். செய்பவருக்கு அது எழுத்துப் பயிற்சியை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு ஒப்பானது. முழங்கையிலிருந்து வரும் அசைவு பெரியது. மணிக்கட்டின் அசைவோ சில மில்லிமீட்டருக்குள் அடங்கக்கூடியது. பெரிய அசைவைக் கொண்டு அதே சிறிய தொலைவைத் துல்லியமாகக் கடக்க, தோள் வரை தசைகள் புதிய ஒழுங்கைக் கற்க வேண்டும். அதுவும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடக்கும் சுற்றுப்பயணங்களின் நடுவே கற்க வேண்டும். அவருடைய பிற்கால வாசிப்பில் வேகம் குறைந்ததா என்று விவாதிப்பவர்களைப் பார்க்கிறேன். என் காதுக்கு அங்கே முதலில் படுவது, ஸ்வரங்கள் அதே தனித்தன்மையோடு இன்னும் பிரிந்து நிற்பதுதான். அவர் விட்டுக்கொடுத்தது கையின் வழியை. ஓசையின் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

லியோ காட்கீயின் கதையில் ஓசையே மாறிவிட்டது. அமெரிக்காவின் இந்த அக்கூஸ்டிக் கிட்டார் மேதை 1969ல் டகோமா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘6 அண்ட் 12 ஸ்ட்ரிங் கிட்டார்’ இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் கையின் வலிமை மறக்காது. பன்னிரண்டு தந்திகள் கொண்ட கிட்டாரில், விரல்களில் உறைபோல் மாட்டிக்கொள்ளும் ஃபிங்கர்பிக்குகளுடன், தந்திகளைப் பிய்த்துவிடுவார் போன்ற வேகத்தில் வாசித்தவர். 1980களின் தொடக்கத்தில் அந்த முரட்டு மீட்டலே அவருடைய வலக்கைத் தசைநாண்களைப் புண்படுத்திவிட்டது. கடுமையான வலி, வாழ்க்கைத் தொழிலே கேள்விக்குறியாகும் நிலை.

அவர் ஃபிங்கர்பிக்குகளைக் கழற்றினார். செவ்வியல் கிட்டார் கலைஞர்களைப் போல, தசைநாண்களுக்கு அழுத்தம் குறையும்படி கையின் நிலையை மாற்றி, விரல் நுனிச் சதையாலும் கொஞ்சம் நகத்தாலும் மீட்டக் கற்றுக்கொண்டார். உறை மாட்டிய விரலுக்கும் வெறும் விரலுக்கும் உள்ள வேறுபாடு ஓசையின் அளவோடு முடிவதில்லை. உறை போட்ட விரல் தந்தியை உணர்வதில்லை. தந்தி எங்கே இருக்கிறது என்பதைக் கை நினைவிலிருந்துதான் அறிகிறது. வெறும் விரலுக்கு ஒவ்வொரு தந்தியின் தடிமனும் இறுக்கமும் தெரியும். எனவே மீட்டுவதற்கு ஒரு கணம் முன்னதாகவே, எவ்வளவு ஆழமாகத் தொடுவது என்று விரல் தீர்மானிக்க முடிகிறது. 1986ல் வந்த ‘எ ஷவுட் டுவர்ட் நூன்’ இசைத்தட்டில் இந்தப் புதிய கையைக் கேட்கலாம். 1969ன் பாய்ச்சலை மட்டுமே நேசித்த ரசிகர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கக்கூடும். நான் பிந்தையதன் பக்கம்தான். அங்கே மெட்டுகளுக்கு நடுவில் காற்று புகுகிறது. அடித்தந்தியின் ஓசை அடங்கும் வரை அவர் காத்திருக்கிறார்.

இந்த வரிசையில் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழர்களுக்கு அவரோடு உண்மையான உறவும் உண்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும், பின்னாளில் ரிமெம்பர் சக்தியில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினோடும் செல்வகணேஷின் கஞ்சிராவோடும் வாசித்தவர். 1970களின் சக்தியில் அவர் வாசித்தது அக்கூஸ்டிக் கிட்டார். இடக்கை தந்தியை அமுக்கி வளைக்க வசதியாக ஃப்ரெட்டுகளுக்கு இடையே குழிக்கப்பட்ட பலகையும், சுருதிக்கெனக் குறுக்கே கட்டிய ஏழு தந்திகளும் கொண்டது. அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓசை விரைவில் மங்கிவிடும். நாதம் அறுந்துபோகாமல் இருக்கத் திரும்பத் திரும்ப மீட்ட வேண்டியிருக்கும். அவருடைய வலக்கை அந்தத் தேவையை வியக்கத்தக்க வேகத்தோடு நிறைவேற்றியது. 1997க்குப் பிறகு ரிமெம்பர் சக்தியில் அவர் எலக்ட்ரிக் கிட்டாருக்கு வந்தபோது, ஒரு மீட்டில் எழுந்த நாதம் நீண்டு நின்றது. கமகத்துக்கு இடக்கை எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் வலக்கை சும்மா இருக்க முடிந்தது. மாண்டலினை எலக்ட்ரிக் கருவியாக்கியதால் ஸ்ரீநிவாஸுக்குக் கிடைத்த வசதியும் இதேதான். இருவரும் ஒரே மேடையில் கேள்வி-பதிலாக வாசிக்கும் இடங்களில், யார் எத்தனை முறை மீட்டுகிறார்கள் என்று மட்டும் கவனித்துக் கேட்பது எனக்கு மிகப் பிடித்தமான பயிற்சி.

1942ல் பிறந்த மெக்லாஃப்லினுக்கும் கைகளில் மூட்டுவாதம் வந்தது. 2017ல் அமெரிக்காவில் தம்முடைய கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தே வாசித்தார். ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை. 2023ல் வெளிவந்த சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 ஜனவரியில் கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. இனி அது மடங்கி நிமிராது என்ற நிலையில், கிட்டாரை ஏந்தி மீட்டுவதற்கு ஏற்ற கோணத்தில் கையை நிலைநிறுத்தும்படி மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டார். பாடகி மேரி ஃபோர்டுடன் அவர் புகழின் உச்சியைத் தொட்ட 1951ன் ‘ஹௌ ஹை த மூன்’ அதற்குப் பிந்தைய பதிவு. முதுமையில் மூட்டுவாதத்தால் விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்துப்போன பிறகும், நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவுதோறும் வாசித்து வந்தார், 2009ல் 94 வயதில் இறந்த அந்த ஆண்டு வரை. அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் வாசித்த ஸ்வரங்கள் மிகக் குறைவு. எந்த ஸ்வரத்தை விடலாம், எது இல்லாவிட்டால் மெட்டு சிதையும் என்று அறிந்தவரின் தேர்வு அதில் இருந்தது.

இதையெல்லாம் நான் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. ஐம்பதை நெருங்கும் என் கையில், கட்டைவிரலின் அடிமூட்டு, நீண்ட நேரம் வாசித்த இரவுகளில் கனக்கத் தொடங்கியிருக்கிறது. பிக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அழுத்தம் முழுவதும் போய்ச் சேரும் இடம் அதுதான். மெல்லிய பிக் வளையும்; வளையும் பிக்கைக் கட்டுப்படுத்த விரல்கள் இன்னும் இறுகும். எனவே தடித்த, சற்றுப் பெரிய பிக்குக்கு மாறினேன். வளையாத பிக்கைத் தளர்வாகப் பிடித்தாலே போதுமானதாக இருக்கிறது. கார்டுகளைப் பிரித்து வாசிக்கும் இடங்களில், அடித்தந்திக்கு மட்டும் பிக்கைப் பயன்படுத்தி, மெல்லிய தந்திகளை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் விட்டுவிடும் ஹைப்ரிட் பிக்கிங் முறை, மணிக்கட்டின் வேலையைப் பாதியாக்குகிறது. வலியுள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு இவற்றை முயல்வது நல்லது. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதைச் சாதனையாகப் பேசும் வழக்கம் நம் இசைக்காரர்களிடையே இருக்கிறது. காட்கீயின் தசைநாண்களை நினைத்தால் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. நம் ஊர்க் கிட்டார் வகுப்புகளில் கார்டு வடிவங்களுக்குச் செலவிடும் நேரத்தில் கால் பங்காவது வலக்கைக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. பதினைந்து வயதில் மூன்று விதமாக மீட்டப் பழகிய கைக்கு, ஐம்பது வயதில் ஒரு வழி அடைபடும்போது மற்ற இரண்டு வழிகள் திறந்திருக்கும்.

இப்போது நான் பயின்றுகொண்டிருப்பது பெக்கின் அந்த 2007 வாசிப்பை, கட்டைவிரலால் மட்டும். எதிர்பாராத சிக்கல் மீட்டுவதில் இல்லை, அடக்குவதில் இருக்கிறது. பிக் பிடித்திருக்கையில் உள்ளங்கையின் விளிம்பு தடித்த தந்திகளின் மேல் படிந்து, வேண்டாத அதிர்வை அமைதியாக்கிவிடும். அந்த உள்ளங்கை கைப்பிடியைப் பற்றச் சென்றுவிட்டால், தொடாத தந்திகள் எல்லாம் கூடவே முனகத் தொடங்குகின்றன. மீட்டிய கட்டைவிரல் அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து நின்றுவிட்டால் அந்த ஒரு தந்தி அடங்குகிறது. மேலே இருக்கும் தடித்த தந்திகளுக்குக் கட்டைவிரலின் பக்கவாட்டுச் சதையைப் படியவிட வேண்டும். மெல்லிய தந்திகளுக்கு இடக்கை ஆட்காட்டி விரலின் அடிப்பகுதி உதவிக்கு வர வேண்டும். முதல் எட்டு வரிசைகள் ஓரளவுக்குச் சுத்தமாக வருகின்றன. மெட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் மூன்றாம் தந்தி இன்னும் அடங்க மறுக்கிறது.